கீழடிப் பானை ஓடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கழகத்தின் வரலாற்றையும், அண்ணல் அம்பேத்கரின் தொண்டையும், கல்வியின் மேன்மையையும் பற்றி நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் செம்மையாகப் பேசினர். அவற்றையே நாமும் திரும்பச் சொன்னால் கேட்போர் கொட்டாவி விடுவர். ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். கார்பன் நானோ குழாய் எனப்படும் மிக நுண்ணிய கரிக் குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே காண்பதில் உள்ள இடர்ப்பாடுகள் என்பதே அப்பொருள். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள், "ஐயா, செக்காலையில் நம் மக்கள் முன்னிலையில் இதைப் பேசத்தான் வேண்டுமா?" என்று வினவினார். வேண்டும் என்றோம். ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும்.

நம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்திலுள்ள கீழடியில் 2023 மார்ச் 5-ஆம் நாள் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. பின்னர் ஒரு நாள் நம் பள்ளி மாணவ மாணவியரை அங்கே அழைத்துச் சென்றோம். கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் அடுக்கியிருந்த பேழையின் முன் நின்று, வரலாறு படித்த பெருமிதத்தோடு, "குழந்தைகளே, இவ்வூர் ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் நானோ குழாய்கள் இருப்பதாக அறிஞர்கள் கண்டிருக்கின்றனர். நானோ தொழில்நுட்பத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று முழங்கினோம். பிள்ளைகள் கைதட்டினர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. "ஐயா, அவ்வளவு சிறிய குழாயை யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்? அது அடுப்புக் கரியாக இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றை முப்பது பிள்ளைகளுக்கு முழங்கிவிட்டோமே என்று வெட்கமாயிற்று. ஊர் திரும்பியபின் தெரிந்தவர்களைக் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்துகொண்டதையே இங்கே சொல்லப் போகிறோம். நாம் கலைப் பட்டதாரி. அறிவியல் நம் துறையன்று. பிழை இருப்பின் அறிவியல் கற்ற இளைஞர்கள் திருத்துக.

முதலில் அந்த ஓடுகளைப் பற்றி. கீழடியில் அகழாய்வை 2014-15-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியது. நான்காம் கட்டத்தை 2018-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை மேற்கொண்டது. அக்கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலத்தை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று கணித்தபோது, கி.மு. 580 என்று வந்தது. கூரான பொருள் கொண்டு பானையில் பெயர் கீறிய சாமானியர்கள் அன்று வைகைக் கரையில் வாழ்ந்தனர் என்பதற்கும் அங்கே சான்று கிடைத்தது. எழுத்து எல்லார்க்கும் உரியதன்று என்று பிற்காலத்தில் கட்டளையிடப்பட்ட மக்களாகிய நமக்கு, அந்தக் கீறல்களைக் காணும்போது உள்ளம் நெகிழ்வது இயல்பே.

2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்னும் இதழில், வேலூர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த விஜயானந்த் சந்திரசேகரன், மணிவண்ணன் கோகர்ணேஸ்வரன் முதலியோர் அடங்கிய குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கீழடி ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் ஒற்றைச் சுவர்க் குழாய்களும், பல சுவர்க் குழாய்களும், அடுக்கடுக்கான கரித் தாள்களும் காணப்படுவதாகவும், ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் ஏறத்தாழ 0.6 நானோ மீட்டர் என்றும் அதில் கூறினர். அதற்கு முன் அறியப்பட்ட பழமையான நானோ குழாய் 17-ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் இருந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர ஆய்வாளர் பாவ்ஃப்ளர் குழுவினர் 2006-இல் அதனைக் கண்டனர். அவ்வகை வாள்களுக்குரிய உருக்கு இந்தியாவிலிருந்து சென்றது என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. கீழடி முடிவு நிலைக்குமானால், அந்தக் காலக்கோடு ஒரே தாவலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்கிறது.

எத்தகைய பெரிய கூற்று இது! இதற்குச் சான்று என்ன? கருப்பும் சாம்பல் நிறமும் கலந்த சில படங்கள். அவற்றோடு வேறு சில அளவைகள். அந்தப் படங்கள் எவ்வாறு கிடைக்கின்றன என்பதை அறியாமல் கைதட்டவும் கூடாது, கைகொட்டி நகைக்கவும் கூடாது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோ மீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோ மீட்டர் எனக் கொள்ளலாம். அறுகோணக் கண்ணிகளால் பின்னிய வலையைப் போன்று கார்பன் அணுக்கள் ஒரே படலமாக அமைந்திருப்பதே கிராஃபைட்டின் ஒரு தாள். அத்தாளைக் கோரைப் பாய் போலச் சுருட்டி ஓரங்களைத் தையல் தெரியாமல் இணைத்தால் அது நானோ குழாய். நாமே தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம்: 0.6 நானோ மீட்டர் விட்டமுள்ள குழாயைச் சுற்றி வர எட்டு அறுகோணங்களே தேவைப்படும். அவ்வளவு இறுக்கமாகச் சுருண்ட குழாய் அது. பொதுவாகச் செய்யப்படும் ஒற்றைச் சுவர்க் குழாய்கள் இதனினும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பருமன் உடையவை.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள நுண்ணோக்கி இதைக் காட்டாது. ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோ மீட்டர் வரை. அதில் பாதியளவுக்குக் குறைந்தவற்றைச் சாதாரண ஒளி பிரித்துக் காட்டாது. மரக்காலைக் கொண்டு ஒரு கடுகை அளக்க முயல்வது போலாகும். எலக்ட்ரானும் அலை போல் நடக்கிறது என்னும் உண்மை இங்கே கைகொடுத்தது. 2 இலட்சம் வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோ மீட்டர். பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் எலக்ட்ரான்களைக் காந்தச் சுருளால் குவித்து முதல் கருவியைச் செய்தனர். ருஸ்காவுக்கு 1986-இல்தான் நோபல் பரிசு வந்தது; நோல் அதற்குள் மறைந்துவிட்டார். 55 ஆண்டு காத்திருந்த பரிசு!

அலை அவ்வளவு சிறியது என்றால் அணுவையே எளிதில் பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்க இயலவில்லை, காரணம் வில்லை. காந்த வில்லையின் ஓரத்தில் செல்லும் கதிரும் நடுவில் செல்லும் கதிரும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. வட்ட வடிவான எந்தக் காந்த வில்லைக்கும் இக்குறை நீங்காது என்று ஷெர்ட்சர் என்பார் 1936-இல் கணக்கால் நிறுவினார். வட்டமல்லாத துணை வில்லைகளைச் சேர்த்து அதைத் திருத்தும் அமைப்பை ஹைடர், ரோசே, உர்பான் என்னும் மூவர் 1998-இல் செயற்படுத்திக் காட்டினர். இடையே கழிந்தவை அறுபத்திரண்டு ஆண்டுகள்.

கருவி கிடைத்தது, இனிப் பொருளின் தொல்லை. கார்பன் இலேசான தனிமம். அதன் அணு எண் 6. தங்கமோ ஈயமோ எலக்ட்ரான்களை வலுவாகச் சிதறடித்துப் படத்தில் கருமையாகத் தோன்றும். கார்பனின் ஒற்றைப் படலத்தை எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒன்றுமில்லாதது போலக் கடந்து போகின்றன. அவ்வாறாயின் குழாய் எப்படித் தெரிகிறது? வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி தெளிவாக இருக்கும். இரு பக்க ஓரங்கள் மட்டும் இருண்ட கோடுகளாகத் தெரியும். ஓரத்தில் பார்வை கண்ணாடியின் நெடுக்கே செல்வதே காரணம். நானோ குழாயும் அவ்வாறே. ஒற்றைச் சுவராயின் இணையான இரு கோடுகள். ஐந்து சுவராயின் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.34 நானோ மீட்டர். இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்திருப்பதே குழாய் என்பதற்கு முதல் அடையாளம்.

இந்தக் கோடுகளும் நேர்மையான கோடுகள் என்று சொல்லிவிட முடியாது. குவியத்தைச் சிறிது மாற்றினால் கருங்கோடு வெண்கோடாகும். ஓரக்கோடு சற்றே இடம் பெயரும். ஆகவே, விட்டத்தை அளப்பவர் எந்தக் குவியத்தில் எடுத்த படம் என்பதை அறிந்து, கணிப்பொறியில் அதே நிலையில் வரைந்த மாதிரிப் படத்தோடு ஒப்பிட வேண்டும். மேலும், தாள் ஒன்று மடிந்து கிடந்தாலும் மடிப்பின் ஓரம் கருங்கோடாகவே தெரியும். மடிந்த தாளா, சுருண்ட குழாயா? பொருளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எப்பக்கம் சாய்த்தாலும் குழாய் குழாயாகவே நிற்கும். மடிப்பு தன் வேடத்தைக் கலைத்துவிடும்.

பொருளைத் தாங்குவதற்கு 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செம்புச் சல்லடை ஒன்று உண்டு. அதன்மேல் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்து, அதன்மீதே மாதிரியை இடுவர். அப்படலம் எதனாலானது தெரியுமா? பெரும்பாலும் கார்பன்! கரும்பாறையின்மேல் கருத்த எறும்பை அமாவாசை இரவில் தேடுவது போல, கரியின்மேல் கரியைத் தேட வேண்டும். இதற்காகவே ஓட்டைகள் நிறைந்த படலங்களைச் செய்து, ஓட்டையின் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைத் தேடுகின்றனர். அதிலும் ஒரு வம்பு: ஒரு முனை மட்டும் பிடிப்புள்ள குழாய், அறை வெப்பத்திலேயே நடுங்கும். நடுங்கும் முனை படத்தில் மங்கலாகத் தெரியும். டிரேசி, எப்பெசன், கிப்சன் ஆகியோர் 1996-இல் இந்த மங்கலையே அளந்து, எவ்வளவு நடுங்குகிறது என்பதிலிருந்து குழாயின் விறைப்பைக் கணித்தனர். எஃகைப் பன்மடங்கு விஞ்சும் விறைப்பு என்று கண்டனர். குறையையே கருவியாக்கிய அவர்களது செயல் நமக்கு மிகவும் பிடித்தது.

இனிச் சொல்வதே மிகப் பெரிய இடர். பார்ப்பதற்காகச் செலுத்தும் எலக்ட்ரான், பார்க்கப்படும் பொருளை அழிக்கிறது. வேகமாக வந்து மோதும் எலக்ட்ரான், கார்பன் அணுவை அதன் இடத்திலிருந்து கோலிக்குண்டு போலத் தெறிக்கச் செய்கிறது. நானோ குழாயில் இத்தெறிப்பு நிகழ ஏறத்தாழ 86,000 வோல்ட் முடுக்கம் போதும் என்று 2001-இல் ஸ்மித், லூட்சி என்போர் கண்டறிந்தனர். 2 இலட்சம் வோல்ட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழாயின் சுவர் நெளிந்து, ஓட்டை விழுந்து, சிதைந்து போகும். 80,000 வோல்ட்டுக்குக் குறைத்தால் குழாய் பிழைக்கும். ஆனால் அலைநீளம் கூடி, வில்லையின் குறைகளும் பெருத்து, படம் மங்கும். தெளிவு வேண்டுமா, பொருள் பிழைக்க வேண்டுமா என்னும் இந்த இழுபறியைத் தளர்த்தியது சற்று முன் சொன்ன 1998-ஆம் ஆண்டின் திருத்த வில்லையே.

அழிப்பதோடு நின்றதா? ஆக்கவும் செய்கிறது. கருவியினுள்ளே காற்றை என்னதான் வெளியேற்றினாலும், எண்ணெய்ப் பசையின் மூலக்கூறுகள் சில எஞ்சியிருக்கும். விரல் பட்ட மாதிரியிலும் இருக்கும். எலக்ட்ரான் கற்றை படும் இடத்தில் அவை கூடி வெந்து கரியாகப் படியும். பார்க்கப் பார்க்க அந்த இடம் கருக்கும். 1992-இல் டேனியல் உகார்த்தே என்னும் அறிஞர், சாதாரணப் புகைக்கரியின்மேல் வலுவான எலக்ட்ரான் கற்றையை வீழ்த்தி வைத்திருந்தபோது, அது வெங்காயச் சருகு போல் அடுக்கடுக்கான உருண்டைகளாகச் சுருண்டுகொண்டதைக் கண்டு எழுதினார். சுருளாத கரியை நுண்ணோக்கியே சுருட்டிவிடும்! ஆகவே, "அந்தக் குழாய் பானையில் இருந்ததா, பார்க்கும்போது உண்டானதா?" என்று ஒருவர் கேட்டால் அது குதர்க்கம் ஆகாது. குறைந்த வோல்ட்டில், குறைந்த நேரத்தில், முதற்பார்வையிலேயே எடுத்த படமா என்று கேட்டறிய வேண்டிய வினா அது.

இன்னொன்றையும் கணக்கிட்டோம். அணு அளவுக்குத் தெளிவான ஒரு படம், பக்கத்துக்கு 50 நானோ மீட்டர் உள்ள சதுரத்தைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சதுர மில்லிமீட்டரை முழுதும் படம் பிடிக்க 40 கோடிப் படங்கள் தேவை. எவராலும் ஆகாது. ஆகவே, கருவியின் முன் அமர்ந்திருப்பவர் தேர்ந்தெடுக்கிறார். தாம் தேடுவதை ஒத்த இடத்தில் நிற்கிறார். ஒவ்வாத இடங்களைக் கடந்து செல்கிறார். அவர் பொய்யர் அல்லர். மனிதக் கண் அப்படி. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் வரலாறு எழுதியவர்களின் கண் கோயிலில் நின்றது, அரண்மனையில் நின்றது, செட்டிநாட்டு மாளிகையின் தேக்குத் தூணில் நின்றது. தூணைத் தூக்கி நிறுத்திய தோளையும், சுண்ணாம்பு அரைத்த கையையும் கடந்து போயிற்று. எங்கே நின்று பார்த்தாய், எத்தனை இடங்களைப் பார்க்காமல் விட்டாய் என்று கேட்கும் உரிமையை நாம் எங்கும் விட்டுவிடக் கூடாது. பானை ஓட்டிலும் விடக் கூடாது.

பார்த்தவர் ஒருவராக, பெயர் பெற்றவர் வேறொருவராக ஆவதும் இத்துறையில் உண்டு. 1991-இல் ஜப்பானில் சுமியோ இஜிமா, மின்வில்லில் எரிந்த கரிக்கோலின் மேல் வளர்ந்த ஊசிகளை நுண்ணோக்கியில் கண்டு, இரண்டு முதல் ஐம்பது வரை சுவர்கள் உள்ள குழாய்கள் அவை என விளக்கினார். உலகம் கண்விழித்தது. மறு ஆண்டே, அவர் பணிபுரிந்த நிறுவனத்தில் எப்பெசனும், நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் பிறந்த புளிக்கல் அஜயனும் இக்குழாய்களை மிகுதியாக உண்டாக்கும் வழியைக் கண்டனர். ஆனால், 1952-லேயே சோவியத் அறிஞர்களாகிய ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் உள்ளீடற்ற கரிக்குழாய்களின் எலக்ட்ரான் படங்களை வெளியிட்டிருந்தனர். ருஷ்ய மொழியில், ருஷ்ய இதழில் வந்தமையால் மேலை நாட்டார் படிக்கவில்லை. 1976-இல் பிரான்சில் ஓபர்லின், எண்டோ, கோயாமா ஆகியோரும் படம் வெளியிட்டனர். முதற்பெருமை யாருக்கு என்னும் வினா 2006-இல்தான் இத்துறையின் இதழ் ஒன்றில் முறையாக எழுப்பப்பட்டது.

இதைப் படித்தபோது பண்டிதர் அயோத்திதாசர் நம் நினைவுக்கு வந்தார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை வாரந்தோறும் எழுதிக் குவித்த அவருடைய சிந்தனைகளை, 1999-இல் ஞான அலாய்சியஸ் தொகுத்து வெளியிடும் வரை தமிழ்ப் பொது உலகம் பெரும்பாலும் அறியாதிருந்தது. அச்சில் இருந்தது, பார்ப்பார் இல்லை. மாஸ்கோவிலும் சென்னையிலும் மறதி ஒரே மாதிரியாகவே வேலை செய்கிறது போலும்!

கீழடிக்குத் திரும்புவோம். நுண்ணோக்கியின் சாட்சி ஒன்று மட்டும் போதாது என்பதை அக்குழுவினரும் அறிந்தே இருந்தனர். ஆகையால் ராமன் நிறமாலையையும், எக்ஸ் கதிரைப் பாய்ச்சி வெளிவரும் எலக்ட்ரான்களை அளக்கும் முறையையும் பயன்படுத்தினர். 1928-இல் சர் சி. வி. ராமன் கண்ட விளைவே இந்த நிறமாலைக்கு அடிப்படை. ஒரு பொருளின் மேல் ஒற்றை நிற ஒளியை வீழ்த்தினால், அதன் அணுக்களின் அதிர்வுக்கேற்பச் சிதறிய ஒளியின் நிறம் சிறிது மாறும். குழாய் முழுதும் மூச்சுவிடுவது போல் விரிந்து சுருங்கும் அதிர்வு குழாய்க்கே உரியது. மடிந்த தாளுக்கு அது இல்லை. நுண்ணோக்கி ஓர் ஊசிமுனை இடத்தையே காட்ட, ராமன் முறை அதனினும் பல மடங்கு பரந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறது. ஒரு வழக்கில் ஒரே சாட்சியை நம்பாமல், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மூன்று சாட்சிகளை விசாரிப்பது போன்றது இது.

அந்தப் பூச்சு எவ்வாறு உண்டாயிற்று? ஏதேனும் தாவரச் சாற்றை உட்புறம் பூசியிருக்கலாம், சூளையின் உயர்ந்த வெப்பத்தில் அது குழாயாக மாறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 'கலாம்' என்னும் விகுதியைக் கவனியுங்கள். கருப்பு சிவப்புப் பானைகளைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் புகாத உட்புறம் கருத்தும், காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தும் வந்தன என்பது தொல்லியலார் நெடுநாளாகச் சொல்லி வருவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தீயையும் காற்றையும் அளவறிந்து ஆளும் கை ஒன்று அங்கே இருந்தது என்று துணிந்து சொல்லலாம். அந்தக் கைக்குரியவர் நானோ குழாயை அறிந்திருந்தார் என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. அறிந்திருக்க வழியும் இல்லை. அன்று பேழையின் முன் நின்று நாம் முழங்கியது தவறு.

"பழம்பெருமையைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் என்ன குற்றம் ஐயா, பிள்ளைகளுக்கு ஊக்கம்தானே?" என்று இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நாம் உடன்படவில்லை. 'முன்னோர் எழுதி வைத்தனர். ஆகவே உண்மை' என்னும் ஒரே சொல்லைக் கொண்டுதான் நம்மைக் குளத்தில் இறங்காதே என்றனர். பள்ளித் திண்ணையில் ஏறாதே என்றனர். சான்று எங்கே என்று கேட்டதனாலேயே நாம் இன்று இம்மேடையில் நிற்கிறோம். அந்தக் கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்டு, நமக்கு இனிப்பான செய்தி வரும்போது மடித்துப் பையில் வைத்துக்கொள்வது நேர்மையாகாது. வேலூர்க் குழுவினரின் முடிவை நாம் மறுக்கவில்லை. அது அறிஞர்கள் பரிசீலித்து வெளியிட்ட கட்டுரை, மதிக்கத்தக்கது. வேறு ஓடுகளில், வேறு தளங்களில், வேறு கைகள், திருத்த வில்லையுள்ள கருவியில், குறைந்த வோல்ட்டில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம். 0.6 நானோ மீட்டர் என்னும் அளவு மிகவும் மெல்லியது. அவ்வளவு மெல்லிய குழாய் அத்தனை காலம் மண்ணில் நிலைத்தது மெய்யானால், அதுவே தனி ஆராய்ச்சிக்குரியது.

அந்தத் திரும்பப் பார்க்கும் கைகள் யாருடையவை? இந்தியாவின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கி 1940-களில் கல்கத்தாவில் உருவானது. வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கியது அன்று, என். என். தாஸ்குப்தா இங்கேயே கட்டியது. அதற்குப் பின்புலமாக நின்றவர் மேகநாத் சாகா. அவர் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் படித்தபோது, விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். அவர் தலித் அல்லர். ஆயினும் பந்தியில் தனித்து அமர்த்தப்படுவது எத்தகையது என்பதை அறிந்தவர். விண்மீன்களின் ஒளியைப் படித்து அவற்றின் வெப்பத்தைச் சொல்லும் சமன்பாடு இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

நம் ஊருக்கு வருவோம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நாமெல்லாம் 'சிக்ரி' என்போம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் திருநாளன்று, டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலங்களுக்கும் மின்முனைகளுக்கும் கரிப் பொருள்களை ஆராயும் இடம் அது. செக்காலையிலிருந்து மிதிவண்டியில் போய்விடலாம். அதன் சுற்றுச்சுவரை ஒட்டி நம் பிள்ளைகள் எத்தனையோ முறை போயிருக்கின்றனர். உள்ளே போனவர் சிலரே. தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்களை நாம் அறிவோம். ஆய்வாளராகப் போனவர்களை எண்ண ஒரு கை விரல்களே மிகுதி.

ஆகவே கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகமும் சீருடையும் வழங்குவது நன்று, அது தொடரட்டும். அதோடு, செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டி இத்தகைய ஆய்வகங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும்போது, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கழகம் ஏற்க வேண்டும். கருவியின் முன் ஒரு முறை நின்ற பிள்ளை, இயற்பியலை மனப்பாடம் செய்யாது. முதுகலை முடித்தவர்களுக்குப் பட்டியலின மாணவர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் விவரத்தை நம் படிப்பகத்தின் கரும்பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டி.

அந்த மாணவிக்கு என்ன விடை சொன்னோம் என்று கேட்பீர்கள். மேலே கூறிய அனைத்தையும் ஒரு மாலையில் அவளுக்கு விளக்கினோம். குவளையைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினோம். இறுதியில், "அடுப்புக் கரி பானையின் வெளிப்புறத்தில்தானே படியும்? இந்தக் கருப்பு உட்புறத்தில் இருக்கிறதே, ஆகையால் அடுப்புக் கரி அன்று" என்று முடித்தோம். நல்ல விடை சொன்னதாகவே எண்ணினோம். அவள் சற்று யோசித்து, "சோறு அடிப்பிடித்தால் உள்ளேயும் கருகுமே ஐயா" என்றாள்.

அடிப்பிடித்த கருகலையும் சூளையில் ஏறிய கருப்பையும் எப்படிப் பிரித்தறிவது என்று அவளும் நாமும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.